முப்பத்தொன்பது ரிப்பேர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எதுவும் கெட்டுப்போகாது. எங்களுக்கு வினை வந்ததே அதனால்தான்.

கட்டடம் புதிது. சுவரில் சாய்ந்தால் முதுகில் சுண்ணாம்பு ஒட்டும். ஒயரிங் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். ஃபேன் போட்டால் சுற்றும். மணி சொல்லிவைத்தாற்போல் நேரத்துக்கு அடிக்கும். இப்படியொரு இடத்தில் மின்சார வேலை படிக்க வந்த பதினாலு பெண்கள் என்னதான் செய்வோம்? திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தோம்.

பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவு என்பது எங்கள் முழுப்பெயர். மற்றவர்களுக்கு நாங்கள் 'கரண்ட் கிளாஸ்'. அறிவியல் பிரிவுக்காரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போது ஷாக் அடித்த மாதிரி உடம்பை உதறிக் காட்டுவார்கள். பதிலுக்கு நாங்கள் செய்ததையெல்லாம் இங்கே எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு சார். ஆய்வகத்தில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. உள்ளே குறடு, திருப்புளி, மீட்டர், சுருள் சுருளாக ஒயர், எல்லாவற்றுக்கும் நடுவில் ராஜா மாதிரி ஒரு மோட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கு வந்த மோட்டார் அது. பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்குத் தூக்கிவந்தபோதுகூட அதன் பிளாஸ்டிக் உறை பிரியவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் உடைந்தால் மூன்று காப்பி விளக்கம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். பூட்டு சார் தன் சர்வீஸில் ஒரு விளக்கமும் எழுதியதில்லை, இனி எழுதுவதாகவும் இல்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே செய்முறை வகுப்பு கண்ணாடி வழியாக நடந்தது. "அந்த மூலையில இருக்கிறதுதான் ஒயர் சீவுற குறடு. நல்லாப் பாத்துக்கோங்க," என்பார். நாங்கள் நல்லாப் பார்த்துக்கொள்வோம். பிறகு கரும்பலகையில் ஒரு ஸ்க்ரூ வரைவார். "இப்ப வலப்பக்கமா மூணு சுத்து." பதினாலு மணிக்கட்டும் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றும். ஒருநாள் நெட்டை, "சார், என் ஸ்க்ரூ கீழ விழுந்துடுச்சு," என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினாள். சார் சிரிக்கவில்லை. "தேடி எடுத்துடு, எண்ணிக்கை குறையக் கூடாது," என்றார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் தலைமையாசிரியை கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் வேகமாக நடந்தால் நல்ல சேதி, மெதுவாக நடந்தால் கெட்ட சேதி என்பது எங்கள் கணிப்பு. அன்றைக்கு ரொம்ப மெதுவாக நடந்தார்.

"தொழிற்பிரிவு இருக்கிற எல்லா ஸ்கூலுக்கும் அதிகாரி வராங்களாம்," என்றார். "பிள்ளைங்க ஸ்கூல்ல என்னென்ன வேலை செஞ்சாங்களோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை எழுதி வச்சிருக்கணும். ஒண்ணும் இல்லைன்னா இந்த வருஷத்தோட பிரிவை மூடிடுவாங்க. சார், நம்மகிட்ட எத்தனை அட்டை இருக்கு?"

பூட்டு சார் அலமாரியைப் பார்த்தார். "பொருள் எல்லாம் பத்திரமா இருக்கு மேடம்."

"அட்டை எத்தனைன்னு கேட்டேன்."

"இனிமேதான் மேடம்."

"பக்கத்து ஸ்கூல் தச்சு வேலைக்காரங்க முப்பத்தெட்டு வச்சிருக்காங்களாம். நாம நாப்பதாச்சும் வச்சாதான் மரியாதை. ரெண்டு மாசம் இருக்கு. எங்கயாவது ரிப்பேர் இருந்தா தேடிப் பிடிச்சுச் செய்யுங்க." சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஃபேன் எங்களைக் கேலி செய்வது போல ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூடினால் மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ, எனக்கு என்ன ஆகும் என்று துல்லியமாகத் தெரியும். அடுத்த வருடம் மறுபடி பதினொன்றாவது, முதல் பக்கத்திலிருந்து, வணிகவியல் பிரிவில். என் தங்கை அப்போது பத்தாவது. அடுத்த வருடம் அவளும் பதினொன்று. அவளும் வணிகவியல்.

வீட்டில் சேதியைப் போட்டு உடைத்தேன். அம்மா தையல் மிஷினை நிறுத்தவே இல்லை. "அப்பவே சொன்னேன்ல? கம்பியையும் கம்பத்தையும் கட்டிக்கிட்டு அழப் போறியான்னு? கேட்டியா?" என்று தைத்துக்கொண்டே திட்டினாள். தங்கை மட்டும் மிகுந்த பாசத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, கவலப்படாத. உனக்கு என் பக்கத்துலயே இடம் போட்டு வைக்கிறேன். பாடத்துல சந்தேகம்னா கூச்சப்படாம கேளு."

தலையணையால் அடித்தேன். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கையின் வாய் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஒயர் பிடிக்கும். ஒரு சுவரைப் பார்த்தால் அதற்குள்ளே சிவப்பு எந்த வழியாகப் போகிறது, கறுப்பு எந்த வழியாகத் திரும்புகிறது என்று மனம் தானாக ஓடும். வரவு செலவைப் பார்த்து எனக்கு ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. இந்தப் படிப்பைப் பிடுங்கினால் நான் அழுவேன். இதைவிட அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நெட்டையிடம் சொன்னேன். நெட்டைதான் எங்களில் உயரம். பெஞ்சு மேல் ஏறினால் ஃபேனின் காதைத் திருகுவாள்.

"எதுவும் தானா கெட்டுப்போகாதுன்னா நாமளே கெடுத்துடலாம்டி."

நெட்டை வாயில் இருந்ததை மென்று முழுங்கினாள். "எப்ப?" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். ஏன் என்று கேட்கவே மாட்டாள்.

பதினாலு பேரும் கையடித்துச் சத்தியம் செய்தோம். எங்களுக்கும் சட்ட திட்டம் உண்டு. மெயினை அணைக்காமல் யாரும் எதிலும் கை வைக்கக் கூடாது. யாருக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி எதையும் விட்டுவைக்கக் கூடாது. பரீட்சை நடக்கிற அறைப் பக்கமே போகக் கூடாது. கடைசியாக ஒன்று: நெட்டையின் கூட்டம் கெடுக்கும், என் கூட்டம் சரி செய்யும், எதைக் கெடுக்கப்போகிறோம் என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட வேண்டும். சும்மா தேடிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகுமே என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்போது இது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

முதல் பலி வரலாற்று டீச்சரின் வகுப்பு ஃபேன். காலையில் மணி அடிக்கும் முன்னால் வந்து ரெகுலேட்டரில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டார்கள். முதல் பீரியடில் டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் வாசலில் போய் நின்று, "நாங்க பாக்கட்டுமா டீச்சர்?" என்றேன், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நேராகப் போய் ரெகுலேட்டரைத் திறந்திருக்கலாம். ஆனால் அதில் என்ன சுவாரசியம்? சுவிட்சை இரண்டு தடவை தட்டினேன். சுவரில் காதை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்றேன். நாற்பது பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். பிறகு, "ரெகுலேட்டர் மாதிரி தெரியுது டீச்சர்," என்று சொல்லி, அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த குட்டித் திருப்புளியை எடுத்தேன். நாலு நிமிடம். ஃபேன் சுற்றியது. வகுப்பே கை தட்டியது. டீச்சர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்.

அட்டையில் நாலு கட்டம் இருக்கும். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன செய்தீர்கள், புகார் கொடுத்தவர் கையெழுத்து. இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு 'பார்த்தவுடன் தெரிந்தது' என்று எழுதினேன். பொய் இல்லையே.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சனி பிடித்த மாதிரி ஆனது. டியூப் லைட் ஸ்டார்ட்டர் மாயமானது. நூலகத்து சுவிட்ச் மேலே தட்டினால் எரிந்து கீழே தட்டினால் அணைந்தது. ஒருநாள் கடைசி மணி அடிக்கவே இல்லை. கணக்கு டீச்சர் உற்சாகமாக அடுத்த கணக்குக்குப் போக, ஆயிரம் பிள்ளைகளும் பரிதவித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் போய் மணியை அடிக்க வைத்தோம். அன்றைக்கு அறிவியல் பிரிவுக்காரிகள்கூட எங்களுக்கு வழி விட்டு நின்றார்கள்.

தலைமையாசிரியை அறைக் காலிங் பெல்லையும் விட்டுவைக்கவில்லை. அது கெட்டிருந்த ஒரு மணி நேரமும் பியூன் அண்ணன் வராந்தாவில் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சரி செய்துவிட்டு வரும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வர்ற வியாழக்கிழமையும் அது கெட்டுப்போகுமா?"

நான் வானத்தைப் பார்த்தேன். "சொல்ல முடியாதுண்ணே."

"கெட்டுப்போனா எனக்குக் கொஞ்சம் தோதா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவரும் வானத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை கெட்டுப்போனது.

பூட்டு சார் ஒவ்வொரு ரிப்பேருக்கும் கூடவே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தன் அலமாரி திறக்கப்படாதவரை உலகத்தில் எது நடந்தாலும் அவருக்குச் சம்மதம். எங்கள் புகழ் பரவப் பரவ அவருக்கும் உச்சி குளிர்ந்தது. "எல்லாம் பார்வைதான் மேடம். நல்லாப் பாக்கச் சொல்லித்தான் பழக்கியிருக்கேன்," என்று தலைமையாசிரியையிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எனக்கும் தலை கனத்தது, ஒப்புக்கொள்கிறேன். "இந்தப் பொண்ணு திறந்துகூடப் பாக்காம சொல்லிடுறா," என்று டீச்சர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு நிஜமாகவே ஏதோ வரம் கிடைத்த மாதிரி தோன்ற ஆரம்பித்துவிட்டது. வீட்டில் தங்கையிடம், "நீ தனியாத்தான் வணிகவியல் படிக்கணும் போல," என்றேன். அம்மா, "என் திருப்புளிய எவ எடுத்தா?" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்பது முடிந்தது. நாற்பதாவதை மறுநாள் காலைக்கு வைத்திருந்தோம். அதிகாரி ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றார்.

குள்ளமான அம்மா. தோளில் பெரிய பை, காலில் ரப்பர் செருப்பு. டீ வேண்டாம் என்றார், பூங்கொத்து வேண்டாம் என்றார். நேராக ஆய்வகத்துக்கு வந்து, பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து அட்டைக் கட்டைக் கேட்டார். தலைமையாசிரியை, பூட்டு சார், நாங்கள் பதினாலு பேர், வாசலில் பியூன் அண்ணன், எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினார். அவசரமே படவில்லை.

"ரெண்டு மாசத்துல முப்பத்தொன்பதா? புதுக் கட்டடம்னு சொன்னாங்களே."

"கான்ட்ராக்டர் ஏமாத்திட்டார் மேடம்," என்றார் தலைமையாசிரியை, நெஞ்சாரக் கோபத்தோடு. எனக்கு அந்தக் கான்ட்ராக்டரை நினைத்துப் பாவமாக இருந்தது.

"யாரு இதுல பாதிக்கு மேல செஞ்சது?"

எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். நான் அடக்கமாக எழுந்து நின்றேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும், தலைமையாசிரியை உட்பட, வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்துக் கையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"உள்ள ஒரு ரிப்பேர் பண்ணி வச்சிருக்கேன். முக்கால் மணி நேரம் டைம். கண்டுபிடிச்சு அட்டை எழுதிக் குடுங்க. உங்க நாப்பதாவது இதுவா இருக்கட்டும்." வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலைமையாசிரியை என் தோளைத் தட்டினார். "இவளுக்கு அஞ்சு நிமிஷம் போதும் மேடம். பாத்தாலே சொல்லிடுவா."

உள்ளே போனோம். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. அடுத்ததைத் தட்டினேன். அதுவும் சுற்றியது. நாலு டியூப் லைட்டும் பளிச்சென்று எரிந்தன. பழக்க தோஷத்தில் சுவரில் காதை வைத்தேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவையாக எனக்கு உறைத்தது: யாராவது முன்கூட்டிச் சொல்லாமல் நான் ஒரு ரிப்பேரைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. கழற்றத் தெரியும், மாட்டத் தெரியும். எங்கே என்று தேட மட்டும் தெரியாது. அடுத்த வருட வகுப்பறையும், அதில் பக்கத்து இடத்தைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் என் தங்கையும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"என்னடி பண்றது?" என்றாள் நெட்டை, காற்றுக்கும் கேட்காமல்.

"முதல்லேருந்து பாப்போம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

பாடப்புத்தகத்தில் ஒரு படம் உண்டு: கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் தொடங்கி ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போவது. பரீட்சைக்கு ஈயடிச்சான் காப்பி அடித்த படம். இப்போது அதைச் சுவரில் நடத்தினோம். மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டுப் பார்த்தோம். மூடிவிட்டு மறுபடி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டெஸ்டரால் ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தோம். மூன்று பிளக்கிலும் விளக்கைச் செருகி எரிய வைத்தோம். ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிட்டோம். நெட்டை பெஞ்சு மேல் ஏறி ஃபேன் மூடியைக் கழற்றினாள். டியூப் லைட் ஒவ்வொன்றையும் இடம் மாற்றிப் போட்டோம். ஒருத்தி சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதினாள். விளையாட்டுப் பேச்சு எப்போது நின்றது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு கட்டத்தில் நான் பயத்தைக்கூட மறந்துவிட்டேன். சுவருக்குள் போகிற வழி எல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது, நிஜமாகவே தெரிய ஆரம்பித்தது.

ஆனால் ரிப்பேர் மட்டும் இல்லை.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

நெட்டை என் காதருகே வந்தாள். "மூணாவது பிளக்ல ஒரு ஒயர லூஸ் பண்ணிடறேன். நீ அதையே கண்டுபிடிச்ச மாதிரி காட்டிடு. யாருக்குத் தெரியும்?"

முப்பத்தொன்பது தடவை நான் அவளுக்குச் சொன்ன யோசனைதான் இது. திருப்புளி அவள் கையில் தயாராக இருந்தது. சரி என்று தலையாட்ட நான் வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. பிரிவு பிழைக்கும், தங்கை வாயடைப்பாள், அம்மா அடுத்த வருடம்வரை திட்ட மாட்டாள். ஆட்டத்தான் போனேன். ஆனால் அந்த மூன்றாவது பிளக்கை இப்போதுதான் நான் திறந்து, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்து, இறுக்கி மூடியிருந்தேன். அது நான் பார்த்த பிளக். அதைப் போய் இவள் கெடுப்பதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கைய எடுடி," என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அட்டையை எழுதி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"ரிப்பேர் எதுவும் இல்ல மேடம்."

தலைமையாசிரியை பதறிப்போனார். "ஏய், போய் ஒழுங்காப் பாரு! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!"

அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நான்தானே பண்ணி வச்சேன்? அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

"ஆமா மேடம்," என்று வாயில் வந்துவிட்டது. "அதாவது... அப்படித்தான் தெரியுது மேடம்."

அவர் அட்டையை வாங்கினார். 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்ற கட்டம் நிரம்பி, ஓரத்தில் ஏறி, பின்பக்கம் முழுக்க வழிந்திருந்தது. ஒரு வரி விடாமல் படித்தார்.

"பெஞ்சை மட்டும்தான் இழுத்தேன்," என்றார். "மத்தபடி நல்லா உக்காந்திருந்தேன்."

என் உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"இந்த ஒரு அட்டையில ரெண்டு பக்கம் எழுதியிருக்க. மீதி முப்பத்தொன்பதுலயும் 'பார்த்தவுடன் தெரிந்தது'. அது எப்படி, எல்லாமே பார்த்தவுடனே தெரிஞ்சுது?"

பியூன் அண்ணன் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"நாங்கதான் கெடுத்தோம் மேடம்."

"என் காலிங் பெல்லுமா?" என்றார் தலைமையாசிரியை.

"ரெண்டு தடவை மேடம்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு அட்டையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். முப்பத்தொன்பது கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் என் நெஞ்சில் 'சரக்' என்றது. எங்கள் இரண்டு மாதச் சாமர்த்தியம் முழுக்க அங்கே கிழிபட்டது.

"ஏன் செஞ்சீங்க?"

நான் அலமாரியைக் காட்டினேன். அழக் கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன். "அதுல ஒண்ணையும் தொட விட மாட்டேங்கறாங்க மேடம். எங்களுக்கு வேலை கத்துக்கணும். கத்துக்க இங்க கெட்டுப்போனது ஒண்ணுமே இல்ல."

அதிகாரி பூட்டு சார் பக்கம் கையை நீட்டினார். சார் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "மேடம், ஸ்டாக்ல ஏறின பொருள்... மூணு காப்பி..." என்று தொடங்கினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் சாவி கைமாறியது. ஆறு வருடத்து பிளாஸ்டிக் உறை பிரிந்தபோது எழுந்த தூசியில் பதினாலு பேரும் தும்மினோம். மோட்டாரை நானும் நெட்டையும் தூக்கி மேஜை மேல் வைத்தோம். அதிகாரி மூன்றாவது பிளக்கில் ஒயரைச் செருகி, "தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் உறுமியது. சுற்றவில்லை. இன்னும் கோபமாக உறுமியது. கருகின வாடை வந்தது. எங்கேயோ 'டப்' என்றது. எங்கள் ஃபேன் நின்றது. பக்கத்து வகுப்பு ஃபேன் நின்றது. மாடியில் எல்லாம் நின்றது. ஆயிரம் பிள்ளைகள் ஒரே குரலில் "ஓ!" என்றார்கள்.

வராந்தாவில் தடதடவென்று காலடிச் சத்தம். வரலாற்று டீச்சர், கணக்கு டீச்சர், நூலகத்து அம்மா என்று ஒவ்வொருவராக வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். தலைமையாசிரியை எங்களைப் பார்த்த பார்வையில் மீதி மோட்டாரும் கருகியிருக்கும்.

"நாங்க இல்ல மேடம்!" என்று பதினாலு பேரும் கத்தினோம்.

அதிகாரி சிரித்தார். பெரிய சிரிப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து மேஜையில் வைத்து எழுதினார். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். செய்முறைப் பணிகள்: ஒன்று. அலமாரி இன்று முதல் திறந்திருக்க வேண்டும். பிரிவு தொடரலாம்.

நெட்டை என் கையைக் கிள்ளினாள். வலித்தது. கனவு இல்லை.

"எங்க போயிருக்கு, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தலைமையாசிரியை என்னிடம்தான் கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்? எப்போதும் நாலு நிமிடம் என்று சொல்கிறவள் நான். மோட்டாரால்தான் போயிற்று என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் மோட்டாருக்குள் என்ன ஆயிற்று, இந்த ஓர் அறையோடு நிற்காமல் பள்ளிக்கூடம் முழுக்க ஏன் போயிற்று, எந்தப் பெட்டியில் எது விழுந்தது? யாரும் எனக்கு முதல் நாள் வந்து சொல்லவில்லை.

"தெரியாது மேடம்," என்றேன்.

அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. திறந்து கிடந்த அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டேன். மூன்று காப்பிக்கு இடையில் வைக்கக் கார்பன் தாள் தேடிக்கொண்டிருந்த பூட்டு சாரைத் தாண்டி, நாங்கள் பள்ளிக்கூடத்து மெயின் பெட்டியைத் தேடிப் போனோம்.